மருந்து மலையேறிய வரலாறு

நீரிழிவு என்ற சொல்லைக் கேட்டதும், நடுவயதைக் கடந்து உடல் பருத்த ஒருவரின் தோற்றமே நம்மவர் மனக்கண்முன் நிற்கும். ஐந்து வயதுக் குழந்தையையும் பள்ளி மாணவியையும் பற்றிக்கொள்ளும் நீரிழிவு ஒன்று உண்டு என்பதைப் பலர் அறியார். முதல்வகை நீரிழிவு என்று மருத்துவர் வழங்கும் அந்நோயின் வரலாற்றையும், அதனோடு அன்றாடம் வாழ்வது எத்தகையது என்பதையும், தேவிகுளம் மலைநாட்டை மனத்திற்கொண்டு இங்கே ஆராய்வோம்.

தேவிகுளத்தை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. வெளிமாநிலங்களில் வாழும் தமிழருக்கு அது தம் நிலையைக் காட்டும் கண்ணாடி போன்றது. 1897-இல் கண்ணன் தேவன் மலைத் தோட்ட நிறுவனம் அமைந்தது. தேயிலைத் தொழில் பெருகப் பெருக, திருநெல்வேலி, மதுரை, இராமநாதபுரம் பகுதிகளிலிருந்து தமிழ்க் குடும்பங்கள் மலையேறின. 1956-இல் மாநிலங்கள் சீரமைக்கப்பட்டபோது, தேவிகுளத்தையும் பீருமேட்டையும் சென்னை மாநிலத்தோடு இணைக்கவேண்டும் என்ற கோரிக்கை நிறைவேறவில்லை. அவ்விரு வட்டங்களும் கேரளத்திலேயே நின்றன. வீட்டில் ஒரு மொழி, மருத்துவமனையில் வேறொரு மொழி என்னும் வாழ்க்கை அம்மக்களுக்கு இயல்பாயிற்று.

நோய் பழையது, அதனை வெல்லும் வழியோ புதியது. சிறுநீரில் இனிப்பு இருப்பதையும் எறும்பு அதனை நாடுவதையும் நம் நாட்டுப் பண்டை மருத்துவர் கண்டிருந்தனர். பிறவியோடு தொடர்புற்று மெலிந்தோரைப் பற்றும் மேகம் வேறு, தீய உணவுப் பழக்கத்தால் பருத்தோரைப் பற்றும் மேகம் வேறு எனச் சுசுருதர் வகுத்தார். எனினும் மெலிந்த குழந்தையைக் காக்கும் மருந்து எந்நாட்டிலும் இல்லை.

1889-இல் ஜெர்மானிய அறிஞர்களான மின்கோவ்ஸ்கியும் ஃபான் மேரிங்கும் ஒரு நாயின் கணையத்தை அகற்றியபோது அதற்கு நீரிழிவு தோன்றியது. நோயின் வேர் கணையத்தில் உள்ளது என்பது தெளிவாயிற்று. கணையத்திலுள்ள ஒருவகை உயிரணுக்கள் இன்சுலின் என்னும் சுரப்பைத் தருகின்றன. உண்ட உணவின் சர்க்கரை உடலுக்கு வலிமையாக மாற அச்சுரப்பு இன்றியமையாதது. உடலைக் காக்கவேண்டிய எதிர்ப்பாற்றலே அவ்வுயிரணுக்களைப் பகையென்று கருதி அழிப்பதால் முதல்வகை நீரிழிவு உண்டாகிறது. இஃது இனிப்பு மிகுதியாகத் தின்றதால் வந்த நோயன்று. பெற்றோர் செய்த பிழையுமன்று.

1921-இல் கனடாவின் டொராண்டோ நகரில், மக்ளியாட் என்னும் பேராசிரியரின் ஆய்வுக்கூடத்தில், பாண்டிங், பெஸ்ட் என்னும் இருவர் கணையத்திலிருந்து அச்சுரப்பைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரி 11-ஆம் நாள் லெனார்ட் தாம்சன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அது போதிய பயன் தரவில்லை. காலிப் என்பவர் மருந்தை மேலும் தூய்மைப்படுத்தித் தந்த பிறகு, அதே மாதம் 23-ஆம் நாள் போட்ட ஊசி சிறுவனுக்கு உயிரளித்தது. காப்புரிமையை ஆளுக்கு ஒரு டாலர் பெற்றுக்கொண்டு டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு அளித்துவிட்டனர்.

அதே ஆண்டு ஆகஸ்டில் எலிசபெத் ஹியூஸ் என்னும் சிறுமி டொராண்டோவுக்கு வந்து சேர்ந்தாள். அவள் அமெரிக்க அமைச்சர் ஒருவரின் மகள். பதினைந்தாம் வயதை எட்டும் நிலையில் அவள் எடை ஏறத்தாழ 20 கிலோ. பட்டினிக்கு ஒப்பான உணவுமுறையால் மட்டுமே அதுவரை உயிர்பிடித்திருந்தாள். இன்சுலின் கிடைத்ததும் தேறி, மணம் புரிந்து, மக்களைப் பெற்று, 1981 வரை வாழ்ந்தாள். ஆயினும் தன் நோயைப் பெரும்பாலோரிடமிருந்து மறைத்தே வாழ்ந்தாள். செல்வமும் கல்வியும் நிறைந்த குடும்பத்திலேயே இந்நிலை என்றால், மணப்பருவத்துப் பெண்ணைப் பெற்ற நம் தாய்மார் அஞ்சி மறைப்பதில் வியப்பில்லை. ஆனால் அந்த மறைப்பே ஆபத்து. பள்ளியில் மயங்கி விழும் பிள்ளைக்கு என்ன செய்வதென்று அருகிலிருப்போர் அறியாமற்போவதற்கு அதுவே காரணமாகிறது.

ஒரு மருந்து கண்டறியப்பட்ட நாள் வேறு. அது ஏழைக் குழந்தையின் கைக்கு வந்து சேரும் நாள் வேறு. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே இந்நோயின் உண்மையான வரலாறு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் டாக்டர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப்பிரிவு தொடங்கியது 1948-இல்தான். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் மருத்துவ வசதியைத் தோட்ட உரிமையாளரின் கடமையாக்கியது. உலகச் சுகாதார நிறுவனம் 1977-இல் வெளியிட்ட இன்றியமையா மருந்துகளின் முதற்பட்டியலிலேயே இன்சுலின் இடம் பெற்றது. மாட்டின் கணையத்திலிருந்தும் பன்றியின் கணையத்திலிருந்தும் எடுக்கப்பட்டுவந்த மருந்து, 1982 முதல் நுண்ணுயிர்களைக் கொண்டு மனித இன்சுலினாகவே விற்பனைக்கு வந்தது. கேரள அரசு 2018-இல் தொடங்கிய 'மிட்டாயி' திட்டம், 18 வயதுக்குட்பட்ட முதல்வகை நீரிழிவாளருக்கு இன்சுலினையும் கருவிகளையும் இலவசமாக வழங்க முன்வந்தது. இனிப்புக்கு அஞ்சிய பிள்ளைகளின் திட்டத்துக்கு இனிப்பின் பெயரையே சூட்டியது பொருத்தமே.

மருந்து வந்துவிட்டால் நோய் போய்விடுமோ எனின், போகாது. இன்சுலின் நோயை நீக்குவதில்லை. அன்றாடம் வாழ வழிசெய்கிறது. முன்னாளில் கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிநீரில் இட்டுத் தூய்மை செய்தனர். சிறுநீரைப் பெனடிக்ட் கரைசலோடு சேர்த்துக் காய்ச்சி, நீலம் பச்சையாகிறதா, செங்கல் நிறமாகிறதா எனப் பார்த்தனர். இன்று விரல்நுனியில் ஒரு துளி இரத்தம் போதும். ஆயினும் கணக்கு மாறவில்லை. உண்ணும் உணவு, செய்யும் வேலை, போடும் ஊசி ஆகிய மூன்றையும் நாள்தோறும் பலமுறை சீர்தூக்கவேண்டும்.

மலைச்சரிவில் ஏறி இறங்கிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இக்கணக்கு எளிதன்று. உழைப்பு மிகுந்த நாளில் இரத்தச் சர்க்கரை விரைந்து இறங்கும். கை நடுங்கி, வியர்த்து, பேச்சுத் தடுமாறினால், மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்து உடனே அருந்தவேண்டும். கால் மணி நேரங்கழித்து மீண்டும் சோதிக்கவேண்டும். முற்றும் நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது; மருத்துவமனைக்கே கொண்டுசெல்லவேண்டும். காய்ச்சலால் உணவு செல்லாத நாளிலும் இன்சுலினை அறவே நிறுத்தலாகாது. நிறுத்தினால் வாந்தியும் வயிற்றுவலியும் பெருமூச்சும் தோன்றி உயிருக்கே கேடு விளையும்.

தேவிகுளத்தின் குளிர் இம்மருந்துக்கு நண்பனும் பகைவனும் ஆகும். வெயிலில் கெடும் இன்சுலின் அங்கே எளிதில் தங்கும். ஆயின் மார்கழி, தைப் பனியில் உறைந்துபோனால் அதனை எறிந்துவிடவேண்டியதுதான். தில்லியிலும் நாகபுரியிலும் கோடையில் வாழ்வோருக்குக் கவலை நேர்மாறானது. குளிர்பெட்டி இல்லாத வீட்டில், ஈரமணல் சூழ்ந்த மண்பானைக்குள், நீர் படாதபடி மூடி வைப்பது உதவும்.

மொழியும் ஒரு மேடுபள்ளமே. மலையாளத்தில் நீரிழிவைப் பிரமேகம் என்பர். தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலோ மேகம், பிரமேகம் என்ற சொற்களைப் பால்வினை நோய்க்கும் வழங்குவதுண்டு. மருத்துவர் குற்றமின்றிச் சொன்ன சொல், கேட்ட தாயின் நெஞ்சில் பழியாக விழக்கூடும். பிறமொழி மாநிலத்தில் வாழ்வோர், மருந்தின் பெயரையும் அளவையும் இரு மொழியிலும் எழுதிக் குழந்தையின் பையில் வைப்பது நலம்.

பாதை அறுபடுவதும் மலைநாட்டின் வரலாறேயாம். 1924 ஜூலை வெள்ளம் மூணாற்று இரயில் பாதையை அழித்தது. 2018 வெள்ளத்தில் சாலைகள் துண்டுண்டன. 2020 ஆகஸ்டு 6-ஆம் நாள் இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, தொழிலாளர் குடியிருப்புகளில் 70 உயிர்கள் மாண்டன. இரண்டாம் உலகப் போரின்போது ஷாங்காய் நகரில் இன்சுலின் கிட்டாமற்போகவே, அகதியாக அங்கு வாழ்ந்த ஈவா சாக்ஸல் என்னும் பெண்மணியும் அவர் கணவரும் எருமையின் கணையத்திலிருந்து மருந்தைத் தாமே காய்ச்சி எடுத்தனர். அத்தகைய அருஞ்செயலை எல்லாரிடமும் எதிர்பார்க்க இயலாது. மழைக்காலத்துக்கு முன்பே சில வாரங்களுக்கான மருந்தைச் சேமித்து வைப்பது எல்லாராலும் இயலும்.

குழந்தை அடிக்கடி நீர் கேட்டு, அடிக்கடி சிறுநீர் கழித்து, நன்கு உண்டும் மெலிந்து, விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்பவும் வந்ததானால், கண்ணேறு என்றும் குளிர் என்றும் காலங்கழிக்காமல் அன்றே சர்க்கரையைச் சோதிக்கச் செய்யுங்கள். டொராண்டோவில் தோன்றிய மருந்து கடல் கடந்து, மலையேறி, லயத்து வாசல்வரை வந்துவிட்டது. வாசலிலிருந்து குழந்தையிடம் அதனைக் கொண்டு சேர்ப்பது நம் அறிவின் கடமை.