பெட்டிக்குள் வந்த ஞாயிறு

அடுப்பு என்றதும் விறகும் புகையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயினும் நெருப்பின்றிச் சமைக்கும் பெட்டியின் வரலாறு இரண்டரை நூற்றாண்டுப் பழமையுடையது. அதில் நாம் சிந்திக்கத்தக்க செய்தியொன்று உண்டு.

ஜெனீவா நகரத்து அறிஞர் டி சோசூர் 1767ஆம் ஆண்டில் ஐந்து கண்ணாடிப் பெட்டிகளை ஒன்றனுள் ஒன்றாக அமைத்து வெயிலில் வைத்தார். உள்ளிருந்த பழங்கள் வெந்தன. பின்னர் மரப்பெட்டியொன்றின் உட்புறத்திற் கருந்தக்கை பதித்து, மேலே மூன்று கண்ணாடிகளைப் பொருத்தினார். அதனுள் வெப்பம் 109 பாகை செண்டிகிறேட்டை எட்டியது. நீர் கொதிப்பதோ 100 பாகையில்! ஒளி கண்ணாடியூடே புகும். கரிய பரப்பு அதனை வெப்பமாக்கும். அவ்வெப்பம் எளிதில் வெளியேறாது. இதுவே அப்பெட்டியின் தத்துவம்.

ஆனால் சோசூர் தேடியது உணவன்று. மலையுச்சி ஏன் குளிர்கின்றது என்றறியவே பெட்டியைக் கிறமோன் மலைக்குக் கொண்டு சென்றார். உச்சியிலும் கீழேயும் பெட்டியின் வெப்பம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. குறை ஞாயிற்றில் இல்லை, காற்றிலேயே உண்டு எனக் கண்டார்.

1830களில் நன்னம்பிக்கை முனையில் வானியலறிஞர் ஜோன் ஹேர்ஷல் இத்தகைய பெட்டியில் முட்டையும் இறைச்சியும் வேகவைத்தார். சுற்றி நின்றோர் சுவைத்து மகிழ்ந்தனர். 1870களிற் பம்பாயில் அடம்ஸ் என்பவர் எட்டு ஆடிகள் கொண்ட அடுப்பில் எழுவர்க்கு உணவு சமைத்தார். எனினும் இவை வியப்புக்குரியனவாய் நின்றனவேயன்றி வீட்டுப் பொருளாகவில்லை.

1976இல் அமெரிக்காவின் அரிசோனாவில் பார்பரா கேர், ஷெரி கோல் என்னும் இரு பெண்கள் காட்போட் மட்டையாற் பெட்டி செய்தனர். பெரிய பெட்டியுட் சிறிய பெட்டி, இடையிற் கசக்கிய செய்தித்தாள், உட்புறம் அலுமினியத் தாள், அடியிற் கருந்தகடு, மேலே கண்ணாடி. கத்தியும் பசையும் உள்ள எவரும் செய்யலாம். கரிய மெல்லிய பாத்திரத்திற் காலையில் இட்டது நண்பகலில் வெந்திருக்கும். கிண்ட வேண்டாம், அடிப்பிடிக்காது. இச்செய்முறை பின்னர்ப் பல நாடுகளுக்கும் பரவிற்று.

குறைகளும் உள. இதிற் பொரிக்க இயலாது. இரவிலும் மழையிலும் பயனில்லை. மூடியை அடிக்கடி திறந்தால் வெப்பம் போய்விடும். ஆதலால் விறகடுப்பு முற்றாக அகலாது. ஆயினும் ஒருவேளைச் சமையலேனும் புகையின்றி நடந்தால் சமைப்பவரின் கண்ணெரிவும் விறகுச் சுமையும் அவ்வளவுக்குக் குறையுமன்றோ?

அறிவு 1767இலேயே பிறந்துவிட்டது. அறிஞர் கையில் அது கருவியாயிருந்தது. சமைப்பவர் கைக்கு வந்தபோதே அடுப்பாயிற்று. இடையிற் கழிந்தவை இருநூறு ஆண்டுகளுக்கு மேல். பல்கலைக்கழகத்திற் கற்கும் நாம் கற்பவற்றை அத்தனை காலம் காக்க வைக்காதிருப்போமாக.