குண்டூர்ச் சாலையில் வந்த படை: 1780–84 போரில் கூட்டணிகள் சேர்ந்ததும் கலைந்ததும்

1780 ஆகஸ்டு கடைசி வாரத்தில் கர்னல் வில்லியம் பெய்லியின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படை வடக்கிலிருந்து கும்மிடிப்பூண்டி வழியாக இறங்கி, கொசஸ்தலையாற்றின் வடகரையில் முகாமிட்டது. சுமார் 2,800 பேர். வந்த அன்றே ஆற்றைக் கடந்திருக்கலாம். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டார்கள். இரவோடு இரவாக வெள்ளம் புரண்டது. செப்டம்பர் முதல் வாரம் வரை படை அக்கரையிலேயே கிடந்தது. செப்டம்பர் 6ஆம் தேதி பேரம்பாக்கத்தருகே மைசூரை ஆண்ட ஐதர் அலியின் மகன் திப்பு மறித்தார். 10ஆம் தேதி புள்ளலூரில் ஐதர் அலியின் முழுப்படையும் சூழ்ந்துகொள்ள, வெடிமருந்து வண்டிகள் தீப்பற்றி வெடிக்க, பெய்லி சிறைப்பட்டார். இரண்டாண்டு கழித்து ஸ்ரீரங்கப்பட்டணச் சிறையிலேயே இறந்தார்.

இந்தத் தோல்விக்கு ஆற்றையும், முதன்மைப் படையோடு காஞ்சிபுரத்தில் அசையாமல் இருந்த ஹெக்டர் மன்றோவையும் காரணம் சொல்வது வரலாற்றெழுத்தில் வழக்கமாகிவிட்டது. மன்றோ மீது குற்றம் உண்டுதான். ஆனால் அதற்கு முந்தைய கேள்வி ஒன்று இருக்கிறது: ஐதர் மேற்குக் கணவாய்கள் வழியாக இறங்கிக்கொண்டிருந்தபோது, சென்னையைக் காக்க வேண்டிய படையில் ஒரு பகுதி வடக்கே என்ன செய்துகொண்டிருந்தது? அதற்கு விடை தேடினால், இன்றைய திருவள்ளூர் மாவட்டத்து மண்ணில் நடந்த சண்டைகளுக்குப் பின்னால் ஐதராபாத், புனே, நாக்பூர், பாரிஸ், ஆம்ஸ்டர்டாம் என்று பல ஊர்களின் கணக்குகள் இருந்தது தெரியவரும்.

அந்தப் படை இருந்த இடம் குண்டூர். ஐதராபாத் நிஜாம் அலி கானின் தம்பி பஸாலத் ஜங்கின் ஆயுட்கால அனுபவத்தில் இருந்த சீமை அது. அவர் இறந்தபின் அது கம்பெனிக்குச் சேரும் என்பது 1768 உடன்படிக்கையின் நிபந்தனை. சென்னை ஆளுநர் தாமஸ் ரம்போல்டுக்குப் பொறுமை இல்லை. 1779இல் தம்பியோடு தனியே பேசிக் குண்டூரை வாங்கி, அதை ஆர்க்காட்டு நவாப் முகமது அலிக்கே குத்தகைக்கும் விட்டார். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. பஸாலத் ஜங்குக்குத் துணையாகச் சென்ற கம்பெனிப் படை ஐதரின் கடப்பைச் சீமையைக் கடந்துபோக முயன்று தடுக்கப்பட்டது. ஒரே காரியத்தில் நிஜாமையும் ஐதரையும் பகைத்துக்கொண்ட திறமையை என்னவென்று சொல்வது!

ஐதரின் மனக்குறை அதைவிடப் பழையது. 1769இல் சென்னையின் வாசலில் நின்று அவர் பெற்ற உடன்படிக்கையில் பரஸ்பர உதவி என்ற உறுதி இருந்தது. 1771இல் மராத்தியர் அவரை முறியடித்தபோது கம்பெனி கைகட்டி நின்றது. 1779 மார்ச்சில், அவர் எச்சரித்தும் கேளாமல், அவருக்கு ஆயுதமும் பண்டமும் வந்திறங்கிய பிரெஞ்சுத் துறையான மாஹேயைப் பிடித்தது. மராத்தியரோ, பேஷ்வா பதவிக்கு உரிமை கோரிய இரகுநாத ராவின் விவகாரத்தில் 1775 முதலே கம்பெனியோடு போரில் இருந்தார்கள். நிஜாம், ஐதர், மராத்தியர் என்ற இந்த மூவரையும் இணைத்துப் பேசியவர்களில் முதன்மையானவர் புனே அமைச்சர் நானா பட்னாவிஸ். ஐதர் பிடித்துவைத்திருந்த கிருஷ்ணைக்குத் தெற்கான நிலங்களை விட்டுக்கொடுக்கும் அளவுக்குப் புனே இறங்கிவந்தது. வேலையும் பிரிக்கப்பட்டது: ஐதருக்கு ஆர்க்காட்டு நவாபின் கர்நாடகம், நிஜாமுக்கு வடசர்க்கார், நாக்பூர் முதோஜி போன்ஸ்லேவுக்கு வங்காளம், புனேவுக்குப் பம்பாய்ப் பக்கம்.

தாளில் பார்த்தால் இதைவிடப் பெரிய கூட்டணி பதினெட்டாம் நூற்றாண்டில் கம்பெனிக்கு எதிராக உருவானதில்லை. அதன் பலவீனமும் அந்தத் தாளிலேயே இருந்தது. நால்வருக்கும் எதிரி ஒருவனே என்றாலும், ஒருவருடைய வெற்றி மற்றவருக்கு ஆதாயமில்லை. ஐதர் கர்நாடகத்தை வென்றால் நிஜாமுக்குத் தெற்கே இன்னும் பலமான அண்டைவீட்டான் முளைப்பான். மராத்தியர் விட்டுக்கொடுத்த நிலம் என்றாவது ஒருநாள் திரும்பக் கேட்கப்படும் என்பது ஐதருக்கும் தெரியும்.

இந்த இடைவெளியை முதலில் கண்டவர் கல்கத்தாவிலிருந்த தலைமை ஆளுநர் வாரன் ஹேஸ்டிங்ஸ். குண்டூரை நிஜாமிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னார். சென்னையில் பொறுப்பு ஆளுநராக இருந்த ஒயிட்ஹில் இழுத்தடித்தார். 1780 நவம்பரில் கம்பெனியின் தலைமைத் தளபதி அயர் கூட் கப்பலில் வந்திறங்கியபோது, ஒயிட்ஹில்லைப் பதவிநீக்கும் ஆணையையும் கையோடு கொண்டுவந்தார். புள்ளலூரில் படை அழிந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. அதற்குள் பழியைத் தீர்க்கும் அரசியல் வேலை முடிந்திருந்தது. குண்டூர் கைக்கு வந்ததும் நிஜாம் அமைதியானார். அவர் வாளை உருவியதே இல்லை. உறைக்குள் வைப்பதற்குத்தான் விலை பெற்றார்.

நாக்பூர்க் கதை இன்னும் கூர்மையானது. முதோஜியின் மகன் சிம்னாஜி படையோடு கட்டாக் பக்கம் வந்தார். வந்தாரே தவிர வங்காளத்தின் மேல் பாயவில்லை. ஹேஸ்டிங்ஸ் பணம் கொடுத்தார், போன்ஸ்லே வாங்கிக்கொண்டார். பலன் திருவள்ளூர்க் கடற்கரையில் தெரிந்தது. வங்காளத்திலிருந்து கர்னல் பியர்ஸ் தலைமையில் புறப்பட்ட படை, போன்ஸ்லேவின் ஒடிசா வழியே தடையின்றி நடந்து, கஞ்சத்தில் வாந்திபேதிக்குப் பலரைப் பறிகொடுத்து, 1781 ஆகஸ்டுத் தொடக்கத்தில் பழவேற்காட்டருகே கூட்டின் படையோடு சேர்ந்தது. வங்காளத்தை அழிக்க வேண்டிய கூட்டாளியின் நிலத்தின் வழியாகவே வங்காளப் படை ஐதரைத் தாக்க வந்தது! இந்தப் போரில் ஐதருக்கு நேர்ந்த மிகப் பெரிய நட்டம் இதுவென்றே நான் கருதுகிறேன். அவ்வாண்டு ஜூலையில் பரங்கிப்பேட்டையில் ஏற்பட்ட தோல்விகூட இதற்கு அடுத்ததுதான்.

பழவேற்காடு அப்போது கைமாறியிருந்ததற்குக் காரணமும் தொலைவில்தான் இருந்தது. 1613 முதல் கெல்ட்ரியா கோட்டையோடு டச்சுக்காரர் இருந்த ஊர் அது. ஐதருக்கும் கம்பெனிக்கும் நடந்த சண்டையில் அவர்களுக்கு வேலையே இல்லை. ஆனால் அமெரிக்க விடுதலைப் போரை ஒட்டி 1780 டிசம்பரில் பிரிட்டன் ஆலந்தின் மேல் போர் அறிவித்ததும், பழவேற்காடும் சதுரங்கப்பட்டினமும் எதிரியின் துறைகளாகி, 1781இல் ஆங்கிலேயர் வசமாயின. நாகப்பட்டினத்து டச்சு ஆளுநர் ஐதரோடு உடன்படிக்கை செய்துகொண்டார். பயன் இல்லை, நவம்பரில் நாகப்பட்டினமும் விழுந்தது.

பியர்ஸின் படை சேர்ந்த பலத்தில் கூட் திருப்பாச்சூர்க் கோட்டையை ஆகஸ்டு 22இல் பிடித்தார். அங்கே முதல் தேவை தானியம். எல்லாப் படைகளும் சூறையாடித் தீர்த்த சீமையில் அரிசி இருக்கும் இடமே போர்முனையாக இருந்தது. 27ஆம் தேதி புள்ளலூரில் மீண்டும் ஒரு சண்டை. ஓராண்டுக்கு முன் வென்ற அதே களத்தை ஐதர் விரும்பித் தேர்ந்ததாகச் சொல்வார்கள்.  இம்முறை முடிவு யாருக்கும் தெளிவாக இல்லை.

செப்டம்பர் 27இல் சோளிங்கரில் கூட் வென்றார். அதன்பின் நடந்தது பெரிய கூட்டணியின் சிறிய நகல். ஐதர் பக்கம் ஆள் அனுப்பியிருந்த காளாஸ்திரி, வெங்கடகிரி, பொம்மராஜ பாளையக்காரர்கள் தம் ஆட்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். அவர்களைத் துரோகிகள் என்பது சரியாகாது. இரு பெரும் படைகளுக்கு நடுவே ஊரையும் அறுவடையையும் காக்க வேண்டியவருக்கு நிலையான பக்கம் என்று ஒன்று இருக்க முடியாது. இந்த நியாயத்தை நிஜாமுக்கோ போன்ஸ்லேவுக்கோ என்னால் தர இயலவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் தனி ரகம். 1781 தொடக்கத்தில் கடலூரில் கூட் உணவின்றித் தவித்தபோது பிரெஞ்சுக் கப்பற்படை கண்ணெதிரே நின்றது. கடலை அடைத்திருந்தால் கூட்டின் படை பட்டினியில் பணிந்திருக்கும். தளபதி தோர்வ் மொரீசியசுக்குத் திரும்பிவிட்டார். அடுத்த ஆண்டு கடற்படைத் தளபதி சுஃப்ரன் வந்து கடலில் வீரத்தோடு போரிட்டார். புஸ்ஸி தரைப்படையோடு வந்தபோது 1783 மார்ச். ஐதர் 1782 டிசம்பர் 7இல் சித்தூர் அருகே இறந்துவிட்டிருந்தார்.

அதற்கு முன்பே, 1782 மே 17இல், சால்பையில் மராத்தியர் கம்பெனியோடு சமாதானம் செய்திருந்தார்கள். ஐதர் வென்ற நிலங்களைத் திருப்பித்தர வேண்டும் என்ற விதியை அவரைக் கேட்காமலே அதில் எழுதினார்கள். நானா மட்டும் ஒப்புதல் தராமல் தாமதித்தார். ஐதர் உயிரோடு இருந்தவரை அது கம்பெனியிடம் பேரம் பேச உதவியது. ஐதர் இறந்தார், ஒப்புதலும் வந்தது. 1783 ஜூனில் ஐரோப்பியச் சமாதானச் செய்தி எட்டியதும் பிரெஞ்சுக்காரர்கள் திப்பு நடத்திய மங்களூர் முற்றுகையிலிருந்தும் விலகினார்கள். திப்பு தனியாக நின்று, 1784 மார்ச் 11இல் மங்களூர் உடன்படிக்கையைச் செய்தார். தோற்றவனின் உடன்படிக்கை அல்ல அது. கூட்டாளிகள் யாருமற்றவனின் உடன்படிக்கை.

டச்சுக்காரருக்குப் பழவேற்காடு திரும்பக் கிடைத்தது, நாகப்பட்டினம் கிடைக்கவில்லை. அவர்களுடைய சோழமண்டலத் தலைமையகம் மீண்டும் பழவேற்காட்டுக்கே வந்தது. நவாப் முகமது அலி வென்ற அணியில் இருந்தும் தோற்றார்: 1781 டிசம்பரிலேயே தன் நாட்டு வருவாயைக் கம்பெனிக்கு எழுதிக்கொடுத்திருந்தார்.

பஸாலத் ஜங் 1782இல் இறந்தார். 1788இல் கம்பெனி பழைய நிபந்தனையை நினைவூட்டிக் குண்டூரைக் கேட்டது, நிஜாம் கொடுத்துவிட்டார். பதிலுக்கு 1789இல் தலைமை ஆளுநர் கார்ன்வாலிஸ் அவருக்குப் படைத்துணை உறுதியளித்து எழுதிய கடிதத்தில், அப்படையை யார்மீது ஏவக்கூடாது என்று நட்பரசுகளின் பட்டியல் இருந்தது. மராத்தியர் பெயர் அதில் இருந்தது, திப்புவின் பெயர் இல்லை. மறு ஆண்டு கோடையில் நிஜாமும் புனேயும் கம்பெனியோடு உடன்படிக்கை செய்து, ஸ்ரீரங்கப்பட்டணத்தை நோக்கிப் படை திரட்டத் தொடங்கினார்கள்.