‘ஹெல்ப்’ மட்டும்தானா? உதவிக்கு ஆங்கிலத்தில் வேறு சொற்கள்

உதவி என்றதும் நமக்கு முதலில் நினைவுக்கு வரும் ஆங்கிலச் சொல் ‘ஹெல்ப்’. பேச்சுக்கு அது போதும். ஆனால் சுயவிபரக்கோவையில் வரிக்கு வரி அதையே எழுதினால், நீங்கள் செய்த வேலை என்னவென்று வாசிப்பவருக்கு விளங்காது. இடத்துக்கேற்ற சொற்கள் சில இதோ.

அசிஸ்ட்: முதன்மைப் பொறுப்பு இன்னொருவருடையது, நீங்கள் துணைநின்றீர்கள் என்று பொருள். உதைபந்தாட்டத்தில் கோல் அடிக்கப் பந்தைக் கொடுத்தவரின் கணக்கில் பதிவதும் ‘அசிஸ்ட்’தான்.

எய்ட்: பெரும்பாலும் பெயர்ச்சொல்லாக வரும். முதலுதவி ‘ஃபர்ஸ்ட் எய்ட்’, வெளிநாட்டு உதவி ‘ஃபொரின் எய்ட்’. சட்டத்தில் ‘எய்ட் அன்ட் அபெட்’ என்று வந்தால் குற்றத்துக்கு உடந்தையாக இருப்பதைக் குறிக்கும்.

சப்போர்ட்: தாங்கி நிற்பது. பணத்தாலோ மனத்தாலோ ஒருவருக்குத் தொடர்ந்து ஆதரவு கொடுப்பதற்கு ஏற்றது.

ஃபெசிலிடேட்: மற்றவர்கள் தங்கள் வேலையை இலகுவாகச் செய்ய வழியமைத்துக் கொடுப்பது. பயிற்சிப் பட்டறை, கலந்துரையாடல் நடத்தியவர்களுக்குப் பொருந்தும்.

ஒரு கவனம்: ‘ஐ கான்ட் ஹெல்ப் இட்’ என்றால் ‘உதவ முடியாது’ என்பதல்ல, ‘என்னால் அதைத் தவிர்க்க முடியவில்லை’ என்பதே பொருள்.

ஆசிரியருக்குத் துணையாக வகுப்பில் நின்றவர் ‘அசிஸ்ட்’ என்று எழுதலாம். தனியாக வகுப்பெடுத்தவரும் அப்படியே எழுதினால், தன் உழைப்பைத் தானே குறைத்துச் சொன்னதாகிவிடும். அவர் எழுத வேண்டிய சொல் ‘டீச்’.