திருமணத்தால் போன வேலை

நமது சங்கம் தொடங்கிய காலத்தில் வைத்தியர் மேரி இரத்தினத்துக்கு ஐம்பது வயது கடந்திருந்தது. 1873இல் கனடாவில் பிறந்தவர். அமெரிக்க மிஷன் வைத்தியராக 1896இல் இலங்கை வந்தார். அவர் மணந்ததோ சாமுவேல் கிறிஸ்மஸ் கனகரத்தினம் என்னும் தமிழரை. மிஷன் அதை ஏற்கவில்லை. வந்த வேலை போயிற்று.

கொழும்பில் லேடி ஹவ்லொக் மகளிர் வைத்தியசாலையில் சில காலம் கடமையாற்றி, பின்னர் தனியாக வைத்தியம் பார்த்தார். பிள்ளைகளையும் வளர்த்தார். 1927இல் பெண்கள் வாக்குரிமைச் சங்கத்தில் முன்னின்றார். 1931இல் பெண்கள் வாக்களித்தனர். லங்கா மஹிள சமிதி, 1937இல் கொழும்பு மாநகர சபை, 85 வயதில் மக்சேசே விருது என்று பட்டியல் நீளும். இரவில் பிரசவம் பார்க்கப் போனவரின் வீட்டில் அடுப்பை மூட்டியவர் யார் என்பது இத்தகைய பட்டியல்களில் வருவதில்லை. (வைத்தியர்களாகிய நமக்கு அதுவல்லவா முதற் கேள்வி!)

மேற்படிப்புக்கான நேர்முகத் தேர்வொன்றில் என்னிடம், “பிள்ளைகளை யார் பார்ப்பார்கள்?” என்று கேட்டார்கள். அதே நாளில் போன என் ஆண் சகபாடியிடம் கேட்கவில்லை. அவருக்கும் இரண்டு பிள்ளைகள்.