வரிப்பள்ளத்தின் உரிமை: டெக்னோ, டீப் ஹவுஸ் தனிநிலை இசைத்தட்டு நிறுவனங்களின் வளர்ச்சி

முன்னுரை

டெக்னோ, டீப் ஹவுஸ் ஆகிய மின்னணு நடன இசை வகைகளின் வரலாறு பெரும்பாலும் இசைஞர்களையும் இரவு விடுதிகளையும் முன்வைத்தே எழுதப்பட்டு வருகிறது. இந்த இசையை ஊர் ஊராகக் கொண்டுசென்றது 12 அங்குல வினைல் இசைத்தட்டு. அதன் வரிப்பள்ளங்களை மூலத் தட்டில் வெட்டியவர் யார், அச்சிட்டவர் யார், கடைகளுக்கு அனுப்பியவர் யார் என்ற கேள்விகள் அந்த வரலாறுகளில் அதிகம் எழுவதில்லை. சிகாகோ, டெட்ராய்ட், பெர்லின் நகரங்களின் தனிநிலை நிறுவனங்களை இக்கட்டுரை அக்கேள்விகளின் வழியே ஆராய்கிறது. உற்பத்தியின் எத்தனை படிகள் ஒரு நிறுவனத்தின் கையில் இருந்தனவோ, அந்த அளவுக்கே அதன் சுதந்திரம் இருந்தது. அதன் ஒலியும் அந்தப் படிகளிலேயே உருவானது. இவை இரண்டுமே இக்கட்டுரையின் கருதுகோள்.

12 அங்குலத் தட்டு

1970களின் நடுவில் நியூயார்க்கின் டாம் மோல்ட்டன், நடன விடுதி டிஜேக்களுக்காக ஒரே பாடலைப் பெரிய தட்டில் பதிவு செய்யும் வழக்கத்தைத் தொடங்கினார். டபுள் எக்ஸ்போஷர் குழுவின் 'டென் பெர்சென்ட்' பாடலை வால்ட்டர் கிப்பன்ஸ் நீட்டி அமைத்துத் தர, சால்சோல் நிறுவனம் அதை 1976-ல் 12 அங்குலத் தட்டாகக் கடைகளில் விற்றது. பொதுமக்களுக்கு விற்கப்பட்ட முதல் 12 அங்குல சிங்கிளாக அது கருதப்படுகிறது.

இவ்வடிவம் நிலைத்ததற்கு இயற்பியலே காரணம். தாழ்ந்த ஒலிகள் ஊசியை அகலமாக அசைப்பவை. அவற்றை உரக்கப் பதிக்க வரிப்பள்ளங்களுக்கு இடையே கூடுதல் இடம் வேண்டும். ஒரு பக்கத்தில் ஒரே பாடல் என்றால் அந்த இடம் தாராளமாகக் கிடைக்கும். 1979-ல் வெளிவந்த டெக்னிக்ஸ் எஸ்எல்-1200 எம்கே2 சுழல்மேடையில் தட்டின் வேகத்தை 8 விழுக்காடு வரை கூட்டவோ குறைக்கவோ முடிந்தது. இரண்டு தட்டுகளின் தாளத்தை ஒன்றோடொன்று இணைத்துச் செல்வது இதனால் எளிதாயிற்று.

சிகாகோ: ஆலை ஒருவர் கையில்

முதல் ஹவுஸ் தட்டு என்று பலராலும் குறிப்பிடப்படும் ஜெஸ்ஸி சாண்டர்ஸின் 'ஆன் அண்ட் ஆன்' 1984-ல் அவருடைய சொந்த நிறுவனத்தில் வெளியானது. அதை அச்சிட்டுக் கொடுத்தவர், நகரில் இசைத்தட்டு ஆலை வைத்திருந்த லாரி ஷெர்மன். அவர் நடத்திய டிராக்ஸ் நிறுவனம் விரைவில் ஹவுஸ் இசையின் முக்கிய வெளியீட்டாளராக வளர்ந்தது. ஆலை தன்னுடையது என்பதால் டிராக்ஸால் வேகமாகவும் மலிவாகவும் வெளியிட முடிந்தது. பழைய தட்டுகளை உருக்கிய வினைலில் அச்சிட்டதாலும் தரத்தைக் கவனிக்காததாலும் அதன் தட்டுகளில் இரைச்சல் மிகுந்திருந்தது.

டீப் ஹவுஸின் முன்னோடி லாரி ஹேர்ட், 'மிஸ்டரி ஆஃப் லவ்' பாடலை 1985-ல் தம் சொந்த அலீவியேட்டட் நிறுவனத்தில் வெளியிட்டார். அவருடைய புகழ்பெற்ற 'கேன் யூ ஃபீல் இட்' மறு ஆண்டு டிராக்ஸில் வந்தது. உரிமத் தொகை குறித்து ஹேர்டும் பாடகர் ராபர்ட் ஓவென்ஸும் 2020-ல் டிராக்ஸ் மீது வழக்குத் தொடுத்தனர். 2022-ல் ஏற்பட்ட சமரசத்தில் பாடல் உரிமைகள் அவர்களிடம் திரும்பின. ஆலையை வைத்திருந்தவரிடம் உரிமையும் போய்ச் சேர்ந்த நிலையைச் சீராக்க முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

டெட்ராய்ட்: வெட்டுபவரும் விநியோகமும்

டெட்ராய்டில் ஹுவான் அட்கின்ஸ் 1985-ல் மெட்ரோபிளெக்ஸையும், டெரிக் மே 1986-ல் டிரான்ஸ்மாட்டையும், கெவின் சாண்டர்சன் 1987-ல் கேஎம்எஸ்ஸையும் தொடங்கினர். ஆயினும் 'டெக்னோ' என்ற பெயரை உலகறியச் செய்த 1988-ஆம் ஆண்டுத் தொகுப்பை வெளியிட்டது வர்ஜினைச் சார்ந்த ஒரு பிரிட்டிஷ் நிறுவனமே. புகழ் வெளிநாட்டின் வழியாகத்தான் ஊருக்கு வந்தது.

இந்நிலைக்கு மறுமொழியாக எழுந்தது அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ். மைக் பேங்க்ஸும் ஜெஃப் மில்ஸும் தொடங்கிய இந்நிறுவனத்தில் ராபர்ட் ஹுட்டும் இணைந்தார். கலைஞரின் முகத்தை விளம்பரப்படுத்த அவர்கள் மறுத்தனர். அதைவிட முக்கியம், பேங்க்ஸின் முன்முயற்சியில் உருவான சப்மெர்ஜ் விநியோக நிறுவனம். டெட்ராய்டின் சிறு நிறுவனங்கள் பலவும் அதன் வழியே உலகக் கடைகளுடன் நேரடியாக வணிகம் செய்தன.

வெட்டும் பணியை நேஷனல் சவுண்ட் கார்ப்பரேஷனின் ரான் மர்ஃபி செய்தார். தட்டின் உள்விளிம்பில் அவர் கீறிய குறிப்புகளை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடிப் படிக்கிறார்கள். ஆக்சிஸ் நிறுவனத்துக்காக ஜெஃப் மில்ஸ் 1994-ல் உருவாக்கிய 'சைக்கிள் 30' தட்டில் முடிவின்றிச் சுழலும் மூடிய வரிப்பள்ளங்களை மர்ஃபி வெட்டினார். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்றால் ஒரு சுற்றுக்கு 1.8 நொடி. அதற்குள் நான்கு தட்டல் அடங்க வேண்டுமானால் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 133 தட்டலாகவே இருக்க முடியும். இங்கே இசையின் வேகத்தை இயந்திரமே தீர்மானித்துவிடுகிறது.

1999-ல் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் வெளியிட்ட டிஜே ரோலண்டோவின் 'நைட்ஸ் ஆஃப் த ஜாகுவார்' வெற்றி பெற்றபோது, சோனியின் ஜெர்மன் பிரிவு அனுமதியின்றி அதை அப்படியே நகலெடுக்க முனைந்தது. உலகெங்கும் ரசிகர்கள் எதிர்த்ததால் சோனி பின்வாங்கியது. சப்மெர்ஜ் பல ஆண்டுகளாகக் கட்டியெழுப்பிய நேரடித் தொடர்பே அந்த எதிர்ப்புக்கு அடித்தளம்.

பெர்லின்: எல்லாப் படிகளும் ஓரிடத்தில்

பெர்லின் சுவர் திறந்த மறுமாதம், 1989 டிசம்பரில், மார்க் எர்னெஸ்டஸ் குரோய்ட்ஸ்பெர்க் பகுதியில் ஹார்ட் வாக்ஸ் கடையைத் திறந்தார். டெட்ராய்ட், சிகாகோ தட்டுகள் அங்கே நேரடியாக வந்திறங்கின. 1991-ல் பழைய வெர்ட்ஹைம் அங்காடியின் நிலவறையில் டிரெசார் விடுதி தொடங்கியது. அதன் இசைத்தட்டு நிறுவனத்தின் முதல் வெளியீடே அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸ் குழுவினர் எக்ஸ்-101 என்ற பெயரில் செய்ததுதான்.

எர்னெஸ்டஸும் மோரிட்ஸ் ஃபான் ஓஸ்வால்டும் 1993-ல் பேசிக் சேனலைத் தொடங்கினர். ஒன்பது 12 அங்குலத் தட்டுகளே அதன் மூல வரிசை. ஜமைக்கா டப் இசையின் எதிரொலியும் வெற்றிடமும் டெட்ராய்ட் தாளத்துடன் அவற்றில் கலந்தன. தொடக்கக் காலத் தட்டுகள் சிலவற்றை அவர்கள் டெட்ராய்டில் மர்ஃபியிடமே வெட்டுவித்தனர். அதற்கு முன் 1992-ல் மௌரிட்சியோ என்ற பெயரில் அவர்கள் வெளியிட்ட 'பிளாய்' தட்டில் அண்டர்கிரவுண்ட் ரெசிஸ்டன்ஸின் மறுவடிவமும் உண்டு. ஆண்டி கெய்ன் பாடிய 'ஐம் யுவர் பிரதர்' போன்ற டீப் ஹவுஸ் பாடல்களுக்கு மெயின் ஸ்ட்ரீட் என்ற தனி நிறுவனப் பெயரை வைத்தனர்.

1995-ல் டப்பிளேட்ஸ் அண்ட் மாஸ்டரிங் என்ற வெட்டுக்கூடத்தை அவர்கள் சொந்தமாக நிறுவியதே இவ்வரலாற்றின் திருப்புமுனை. டப் மரபில் புதிய பாடலை ஒற்றைத் தட்டாக வெட்டி அன்றிரவே இசைத்துப் பார்ப்பார்கள். அதே வசதி இப்போது பெர்லினுக்குக் கிடைத்தது. பாடலை உருவாக்கியவர் வெட்டுபவரின் அருகில் இருந்து, தாழ்வொலியின் அளவையும் மேல்ஒலியின் கூர்மையையும் கேட்டுத் திருத்த முடிந்தது. பேசிக் சேனல் தட்டுகளில் பாடலோடு இழைந்து ஒலிக்கும் மெல்லிய இரைச்சல் தற்செயலாகச் சேர்ந்ததாகத் தோன்றவில்லை. டிராக்ஸில் குறையாக இருந்தது இங்கே அழகியலாகியது.

அதே ஆண்டு தொடங்கி 2003 வரை இயங்கிய, அவர்களுடைய இன்னொரு இசைத்தட்டு நிறுவனமான செயின் ரியாக்‌ஷன், மோனோலேக், போர்ட்டர் ரிக்ஸ், விளாடிஸ்லாவ் டிலே ஆகியோரை வெளியிட்டது. 2001 முதல் எர்னெஸ்டஸும் ஓஸ்வால்டும் நியூயார்க்கின் வாக்கீஸ் நிறுவனத்தின் ரெகே தட்டுகளை மறுவெளியீடு செய்து, தாங்கள் கற்ற இடத்துக்கும் மதிப்பளித்தார்கள்.

பிற்கால நிலை

2004-ல் பீட்போர்ட் இணையக் கடையும் செராட்டோ மென்பொருளும் வந்தபின் டிஜேக்களுக்குத் தட்டு கட்டாயமில்லை என்றாயிற்று. பின்னர் வினைல் மீண்டெழுந்தபோது வேறு சிக்கல் முளைத்தது. 2020 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் அப்பல்லோ மாஸ்டர்ஸ் ஆலை தீக்கிரையானதும், வெட்டுவதற்கான லாக்கர் தட்டுக்கு உலகம் ஜப்பானிய நிறுவனம் ஒன்றையே நம்ப வேண்டியதாயிற்று. வெட்டுக்கூடம் சொந்தமாக இருந்தாலும் அதற்கான மூலப்பொருள் பிறர் கையில்தான் இருக்கிறது.

முடிவுரை

சிகாகோவில் ஆலை கலைஞரிடம் இல்லை, உரிமையும் தங்கவில்லை. டெட்ராய்ட் விநியோகத்தைக் கைப்பற்றியது. அதனால் பெருநிறுவனத்தை எதிர்த்து நிற்க முடிந்தது. பெர்லின் கடையையும் வெட்டுக்கூடத்தையும் சேர்த்துக்கொண்டது; தனக்கென ஓர் ஒலியையே உருவாக்கியது. இந்த மூன்றையும் ஒப்பிடும்போது கருதுகோள் வலுப்பெறுகிறது. 2024-ல் ஜெர்மனி பெர்லின் டெக்னோ பண்பாட்டைத் தன் தேசியக் கலாசார மரபுப் பட்டியலில் சேர்த்தது. அந்த மரபை ஆவணப்படுத்துவோர் கலைஞர் பெயரோடு நிறுத்தாமல், ஒவ்வொரு தட்டின் உள்விளிம்புக் குறியையும் வெட்டியவர் பெயரையும் அச்சிட்ட ஆலையையும் சேர்த்தே பதிவு செய்ய வேண்டும்.