பெட்டிக்குள் வந்த பொம்மை

அரப்பாவில் கிடைத்த சுடுமண் வண்டி இன்று அருங்காட்சியகத்தில் கண்ணாடிப் பேழைக்குள் காக்கப்படுகிறது. கீழடி அகழாய்வில் வெளிப்பட்ட பகடையும் வட்டச்சில்லும் பண்டைத் தமிழர் வாழ்வின் சான்றுகளாகப் போற்றப்படுகின்றன. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய விளையாட்டுப் பொருளுக்கு இத்துணை மதிப்பளிக்கும் நாம், நாற்பது, ஐம்பது ஆண்டுக்கு முன் நம் பிள்ளைகள் கையில் இருந்தவற்றை என்ன செய்தோம்?

விற்பனைப் பண்டத்தோடு விளையாட்டுப் பொருளை இலவசமாகத் தரும் வழக்கம் நூறாண்டுக்கு மேற்பட்டது. அமெரிக்காவின் கெலாக் நிறுவனம் 1909ஆம் ஆண்டில், சோளச்சீவல் இரண்டு பெட்டி வாங்கியவர்களுக்குப் படப்புத்தகம் ஒன்றை வழங்கியது. விலங்குகளின் தலை, உடல், கால் ஆகியவை தனித்தனிப் பகுதிகளாக அமைந்திருந்தமையால், புரட்டுந்தோறும் புதியதோர் உருவம் தோன்றும். 1945இல் சட்டையில் குத்திக்கொள்ளும் வில்லைகள் பெட்டிக்குள்ளேயே வைக்கப்பட்டன. 1954இல் பேக்கிங் பவுடரால் நீரில் மூழ்கி எழும் நீர்மூழ்கிக் கப்பல் வந்தது. நெகிழி மலிவான பின்னர் இவ்வழக்கம் பல நாடுகளுக்கும் பரவியது. இந்தியாவில் பினாக்கா பற்பசைப் பெட்டியில் வந்த சின்னஞ்சிறு விலங்குப் பொம்மைகளைச் சேகரிப்போர் இன்றும் தேடி வாங்குகின்றனர்.

நம் பேராக் தோட்டப்புறங்களின் நிலை வேறு. வரக்காப்பி குடித்து விடியுமுன் பால்மரம் வெட்டச் சென்ற குடும்பங்களில் சோளச்சீவலுக்கு இடமேது? 1980களில் டிங் டாங், தோரா போன்ற மிட்டாய்ப் பெட்டிகளில் வந்த, துண்டுகளைப் பொருத்திச் செய்யும் பொம்மைகள் மலேசியப் பிள்ளைகளை மயக்கின. ஆயினும், அவற்றை விரும்பியபோதெல்லாம் வாங்கும் வசதி தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஏது?

அவர்களுக்குக் கிடைத்த உண்மையான இலவசம், பண்டம் தீர்ந்தபின் எஞ்சிய டின்னே ஆகும். நெஸ்லே நிறுவனம் 1912ஆம் ஆண்டில் கெட்டிப்பாலோடு பினாங்கில் கால்வைத்தது. அப்பால் டின்கள் தோட்டத்து லயங்களிலும் புகுந்தன. காலியான டின் வண்டியாயிற்று, மூடி சக்கரமாயிற்று, இரு டின்களை நூலால் இணைக்கத் தொலைபேசியாயிற்று. ரப்பர் கொட்டையோ மரமே தந்த கொடை. ஒரு நிறுவனம் வார்த்தளித்த பொம்மையைவிட, பிள்ளையின் அறிவு படைத்த இவ்வண்டி எவ்வகையில் தாழ்ந்தது?

தோட்டத் துண்டாடலைத் தடுக்க, சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960ஆம் ஆண்டில் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். ஆயினும், பல தோட்டங்கள் கைமாறின. ரப்பர் நின்ற இடத்தில் செம்பனை எழுந்தது. மக்கள் பட்டணங்களுக்குப் பெயர்ந்தனர். லயங்கள் இடிபட்டபோது டின் வண்டிகளும் குப்பையாயின. ஈப்போவில் ஞாயிறு காலை கூடும் பழம்பொருள் சந்தையில் பெட்டி கலையாத பொம்மைக்கு விலையுண்டு. டின் வண்டிக்கு விலையில்லை. ஆகவே, அதனைக் காப்போரும் இல்லை. சந்தை விலையை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் ஏழைக் குழந்தையின் வரலாறு எழுதப்படாமலே போகும்.

2014 முதல் நான்காம் ஆண்டு மாணவர்க்கு வரலாறு தனிப்பாடமாகக் கற்பிக்கப்படுகிறது. தன்னையும் தன் குடும்பத்தையும் அறிவதில் அது தொடங்குகிறது. ஆசிரியர்கள் இதனை நல்வாய்ப்பாகக் கொள்ளலாம். மாணவர்கள் தாத்தா பாட்டியரிடம் அவர்தம் விளையாட்டுப் பொருள்களைக் கேட்டறியட்டும். பொம்மை கிடைத்தால் அதன் பெட்டியையும் அடியில் பொறித்த நாட்டின் பெயரையும் காக்கட்டும். விளையாடியவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு என்பவற்றைச் சீட்டில் எழுதி இணைக்கட்டும். பொருள் மறைந்திருந்தால், முதியோர் சொல்லக் கேட்டுப் பிள்ளைகளே ஒரு டின் வண்டி செய்யட்டும். பள்ளி நூலகத்தில் ஓர் அலமாரித் தட்டு இதற்குப் போதும்.

சொல்லக்கூடியவர்கள் இன்று முதுமையில் இருக்கிறார்கள். அவர்கள் இருக்கும்போதே கேட்டெழுதுவது நம் கடமையாகும்.