ரூட் பாஸ்வேர்டு யார் கையில்?

நம் துறையின் வரலாறு பற்றி ஏதாவது எழுதுங்கள் என்று மலர்க் குழுவினர் கேட்டார்கள். கட்டடம் எப்போது வந்தது, யார் தலைவராக இருந்தபோது எத்தனை சீட் கூடியது என்பதெல்லாம் ஆண்டறிக்கைகளிலேயே இருக்கிறது. நான் எழுத நினைப்பது வேறொரு வரலாறு. ஆபரேட்டிங் சிஸ்டத்தை நிர்வகிக்கும் வேலையை ஒரு மாணவன் கல்லூரியில் எப்படிக் கற்றுக்கொள்ள முடிந்தது, எப்போது முடியாமல் போனது என்பது அது. அதில் நம்ம லேபுக்கும் ஒரு சின்னப் பக்கம் உண்டு.

நமக்கு முந்திய தலைமுறையிலிருந்து தொடங்குவோம். 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370/155 வந்தது. அந்தக் காலத்துப் பெரிய கணிப்பொறிகள் குளிரூட்டிய அறைக்குள் குடியிருந்தன. மாணவன் தன் புரோகிராமை அட்டைகளில் துளையிட்டுக் கட்டாகக் கட்டிக் கொடுப்பான். ஆபரேட்டர் உள்ளே ஓட்டுவார். அச்சடித்த தாள் பிறகு வரும். ஒரு கமா விட்டுப்போயிருந்தால் மறுபடியும் முதலிலிருந்து. மெஷினை நடத்துவது ஆபரேட்டரின் தொழில். மாணவனுக்கு அங்கே இடமில்லை.

இந்த நிலையை மாற்றிய யூனிக்ஸ், 1969-இல் அமெரிக்காவில் பெல் ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கென் தாம்ப்சன், டென்னிஸ் ரிச்சி இருவரும் முக்கியமான கர்த்தாக்கள். 1973-இல் அதை சி மொழியில் மாற்றி எழுதினார்கள். தாய் நிறுவனமான ஏ.டி. அண்ட் டி., 1956-இல் அரசோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, தொலைபேசித் தொழிலைத் தவிர வேறு வியாபாரத்தில் இறங்க முடியாத நிலையில் இருந்தது. அதனால் யூனிக்ஸைக் கடை விரித்து விற்காமல், பல்கலைக்கழகங்களுக்கு மூல நிரலோடு சொற்பத் தொகைக்குக் கொடுத்தது. பழுது பார்க்க ஆள் அனுப்ப மாட்டார்கள். கெட்டுப்போனால் நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பதுதான் ஏற்பாடு. அதனாலேயே பல பல்கலைக்கழகங்களில் மாணவர்கள் மெஷினின் உள்ளே கை வைக்க நேர்ந்தது.

ஆஸ்திரேலியாவில், நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் ஜான் லயன்ஸ் இதை ஒரு பாடமாகவே ஆக்கினார். யூனிக்ஸ் ஆறாம் பதிப்பின் கரு நிரல் ஏறக்குறைய 9000 வரிகள். அதை அச்சிட்டு, வரிவரியாக விளக்கவுரை எழுதித் தன் மாணவர்களுக்குக் கொடுத்தார். 1977-இல் அது இரண்டு தொகுதிகளாக வந்தது. ஆனால் 1979-இல் ஏழாம் பதிப்பு வந்தபோது, மூல நிரலை வகுப்பில் பாடமாக நடத்தக் கூடாது என்று லைசென்ஸில் நிபந்தனை சேர்ந்தது. லயன்ஸின் விளக்கவுரை ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸாகக் கைமாறிக் கொண்டிருந்தது. முறையான புத்தகமாக அது வெளிவர 1996 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்தக் கதவு சாத்தப்பட்டதன் விளைவை உலகம் முழுக்க வகுப்பறைகள் அனுபவித்தன. நம் வகுப்பறையும்தான். 1989-92 எம்.சி.ஏ. செட்டைச் சேர்ந்த நண்பர்களுக்கு அந்த டைனோசர் அட்டை போட்ட புத்தகம் ஞாபகம் இருக்கும். பீட்டர்சனும் சில்பர்ஷாட்ஸும் எழுதியது. அருமையான புத்தகம், சந்தேகமில்லை. டெட்லாக், பேங்கர்ஸ் அல்காரிதம், பேஜ் மாற்றும் கணக்கு எல்லாவற்றையும் பேப்பரிலேயே போட்டு மார்க் வாங்கினோம். ஆனால் ஒரு மெஷினில் புது யூசரைச் சேர்ப்பது எப்படி, டிஸ்க் நிறைந்துபோனால் என்ன செய்வது என்று கேட்டால் முழிப்போம்.

வெளியிலோ அந்த வேலைக்குத்தான் ஆள் தேடினார்கள். வங்கிகளைக் கணினிமயமாக்குவது பற்றி 1984-இல் ரங்கராஜன் குழு அறிக்கை தந்த பிறகு, வங்கிகளுக்கு யூனிக்ஸ் மெஷின்கள் போகத் தொடங்கின. எச்.சி.எல்., விப்ரோ போன்ற நிறுவனங்கள் அவற்றைச் செய்து விற்றன. ஒவ்வொன்றையும் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டுமே!

நம்ம லேபில் யூனிக்ஸ் மெஷின் இருந்தது. ஆனால் அதன் ரூட் பாஸ்வேர்டு ஒரு கவருக்குள், அந்தக் கவர் பீரோவுக்குள். யூனிக்ஸில் ரூட் என்பவர் சர்வ அதிகாரி. எந்த ஃபைலையும் படிக்கலாம், அழிக்கலாம், யாரையும் வெளியேற்றலாம். இரண்டு செட் மாணவர்களின் புராஜெக்ட் அந்த ஒரே மெஷினில் இருந்ததால், துறை பயந்ததில் நியாயம் உண்டு.

அதற்கு நம் லேப் சார் கண்ட வழியைத்தான் இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். ஓரமாகக் கிடந்த ஒரு 286-இல், ஒரு கட்டு ஃப்ளாப்பிகளைக் கொண்டு ஜெனிக்ஸை எங்களையே ஏற்ற வைத்தார். இரண்டு டெர்மினல்களை இணைத்தார். வாரத்துக்கு இரண்டு பேர் நிர்வாகிகள். திங்கள்கிழமை பாஸ்வேர்டு மாறும். செய்த ஒவ்வொரு வேலையையும் நேரம், காரணத்தோடு லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். சனிக்கிழமை அவரே வேண்டுமென்று ஏதாவது ஒன்றைக் கெடுத்து வைப்பார். ஒருநாள் ஒரு டைரக்டரியின் அனுமதியை எடுத்துவிடுவார், இன்னொருநாள் டிஸ்கை நிரப்பிவிடுவார். "கண்டுபிடிங்கப்பா, அவசரமில்லை, சாயந்திரம் வரைக்கும் டைம் இருக்கு" என்பார்.

அவர் கெடுக்காமலே கெட்ட நாட்களும் உண்டு. கரண்ட் போகும். யூனிக்ஸ் எழுத வேண்டியதை உடனே டிஸ்கில் எழுதாமல் மெமரியில் சேர்த்து வைத்து, 30 விநாடிக்கு ஒருமுறை கொண்டுபோய் எழுதும். நடுவில் மின்சாரம் நின்றால் கணக்குப் புத்தகம் ஒன்று சொல்லும், சரக்கறை வேறொன்று சொல்லும். அதைச் சரிபார்க்கும் எஃப்.எஸ்.சி.கே. என்ற கட்டளை ஐந்து கட்டங்களாக ஓடும். பெயர் இழந்த ஃபைல்களை 'லாஸ்ட் அண்ட் ஃபவுண்ட்' என்ற டைரக்டரியில் வெறும் எண்களோடு போட்டு வைக்கும். ஒவ்வொன்றையும் திறந்து பார்த்து, இது யாருடையது என்று தேடி ஒப்படைப்பது அந்த வார நிர்வாகிகளின் வேலை. ஐநோட் என்றால் என்னவென்று புத்தகத்தில் நாலு தரம் படித்தும் புரியாதது அந்த ஒரு மத்தியானத்தில் புரிந்தது.

அதைவிடப் பெரிய பாடம் ஒன்று இருந்தது. எங்கள் இன்டர்னல் மார்க் பட்டியலையும் சார் அதே மெஷினில்தான் வைத்திருந்தார். தன்னைத் தவிர யாரும் படிக்க முடியாதபடி அனுமதி போட்டிருந்தார். ஆனால் ரூட்டுக்கு எந்த அனுமதியும் தடையில்லை. அதை அவரே வகுப்பில் சொல்லியும் விட்டார். செமஸ்டர் முடிவில் அந்த ஃபைல் கடைசியாகப் படிக்கப்பட்ட நேரத்தை எல்லார் முன்னாலும் எடுத்துக் காட்டினார். வெள்ளிக்கிழமை பேக்கப் எடுத்த நேரம், லாக் புக்கோடு அப்படியே ஒத்துப்போனது. பின்வரிசையிலிருந்து ஒருவன் எழுந்து, "சார், அந்த நேரத்தையே மாத்தி வைக்கலாமே" என்றான். "மாத்தலாம். ரூட்டைக் காவல் காக்க மெஷினால முடியாதுப்பா. அதனாலதான் ஆளைப் பழக்கறேன்" என்றார் சார்.

அந்த வார்த்தையின் கனம் வேலைக்குப் போன பிறகுதான் தெரிந்தது. 1979-இல் ராபர்ட் மோரிஸும் கென் தாம்ப்சனும் யூனிக்ஸ் பாஸ்வேர்டுகளை ஆராய்ந்து, பெரும்பாலானவை சுலபமாக ஊகிக்கக்கூடியவை என்று எழுதினார்கள். 1988 நவம்பரில் இன்டர்நெட்டில் ஆயிரக்கணக்கான யூனிக்ஸ் மெஷின்களை முடக்கிய புழு நிரல், ஊகித்த பாஸ்வேர்டுகளையும் ஒரு வழியாகக் கொண்டு பரவியது. அதை எழுதியவர் அந்த மோரிஸின் மகன்!

சாத்திய கதவு பிறகு திறந்தது. ஆம்ஸ்டர்டாம் பேராசிரியர் ஆண்ட்ரூ டானென்பாம், மாணவர்கள் படிப்பதற்கென்றே மினிக்ஸ் என்ற சிறிய சிஸ்டத்தைத் தானே எழுதி, 1987-இல் புத்தகத்தோடு வெளியிட்டார். அதை வைத்துப் பழகிய ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் லினக்ஸைக் கொண்டுவந்தார். 1990-களின் பிற்பகுதியில் கம்ப்யூட்டர் பத்திரிகைகளோடு லினக்ஸ் சி.டி. வந்தது. நம் ஜூனியர்களுக்கு மூல நிரலும் ரூட் பாஸ்வேர்டும் ஒரே நாளில் கிடைத்தன.

இன்று லேப்டாப் வைத்திருக்கும் எந்த மாணவரும் ரூட்தான். விர்ச்சுவல் மெஷினில் எதை உடைத்தாலும் ஒரு நொடியில் பழையபடி மீட்கலாம். இது நல்லதுதான். ஆனால் தன் சொந்த மெஷினில் ரூட்டாக இருப்பவர் கட்டளைகளைக் கற்றுக்கொள்கிறார். இருபது பேரின் வேலை இருக்கும் மெஷினில் ரூட்டாக இருப்பவர்தான் பொறுப்பைக் கற்றுக்கொள்கிறார். முன்னது இலவசமாகிவிட்டது. பின்னதை யாராவது நம்பிக் கொடுத்தால்தான் உண்டு.

ஆகவே சங்கத்துக்கு ஒரு யோசனை. துறைக்கு நாம் கொடுக்கும் நிதியில் ஒரு சர்வர் வாங்குவோம். இறுதியாண்டு மாணவர்களின் புராஜெக்டுகள் உண்மையாகவே அதில் இருக்கட்டும். அதன் நிர்வாகம் முந்தைய ஆண்டு மாணவர்களிடம், வாரத்துக்கு இருவராக, ஒரு லாக் புக்கோடு இருக்கட்டும். பேக்கப்பின் ஒரு நகலை மட்டும் ஆசிரியர் தன்னிடம் வைத்துக்கொள்ளட்டும். செலவு அதிகம் ஆகாது. பொதுக்குழுவில் இதை முன்மொழிய இருக்கிறேன். வழிமொழிய நம் செட்டிலிருந்து நாலு கைகளாவது உயரும் என்று நம்புகிறேன்.